நகரிச் சங்கத்தில் சண்டை நின்றுபோன கதை

நகரி விசைத்தறி உரிமையாளர் ஒற்றுமைச் சங்கத்தின் தலைவரும் துணைத் தலைவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த வரைக்கும் ஊருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

தலைவர் நாகபூஷணம் சங்கத் தெருவில் ஒரு விளக்குப் போட்டால், துணைத் தலைவர் துர்காதேவி மறு வாரமே அதே கம்பத்தில் இன்னொரு விளக்கைக் கட்டுவார். அந்தத் தெருவில் பகலைவிட இரவில் வெளிச்சம் அதிகம். நாகபூஷணம் குடிதண்ணீர்த் தொட்டி வைத்தார். துர்காதேவி அதற்கு நேர் எதிரில் மோர்ப்பந்தல் போட்டார். ஊரில் யாராவது செத்துப்போனால் இரண்டு மாலை, இரண்டு இரங்கல் உரை. முதல் உரையில் இருந்ததைவிட இரண்டாவது உரையில் செத்தவர் இன்னும் நல்லவராக இருப்பார்.

சங்கத்தின் கல்யாண மண்டபத்துக்குத் தேதி கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதலில் தலைவரிடம் போய், "வைஸ் பிரசிடெண்ட்டம்மா மண்டபம் குடுக்க முடியாதுன்னுட்டாங்க" என்பார்கள். அந்த நிமிடமே மண்டபம் கிடைத்துவிடும். அங்கிருந்து நேராகத் துர்காதேவியின் சாயப்பட்டறைக்குப் போய், "பிரசிடெண்ட்டு மண்டபத்தைக் குடுத்துட்டாரு, பாத்திரம் மட்டும் தரமாட்டாராம்" என்பார்கள். அண்டா, பந்திப்பாய், ஜெனரேட்டர் எல்லாம் வீடு தேடி வரும்.

இப்படிச் செழிப்பாக நடந்துகொண்டிருந்த சங்கத்தைச் சீர்திருத்த வேண்டும் என்று மேலே யாருக்கோ தோன்றிவிட்டது. ஆண்டுக் கூட்டத்தில் இருவரும் ஒரே மைக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டதை ஒரு புண்ணியவான் செல்போனில் எடுத்துப் பரப்பியிருந்தான். சங்கங்களின் கூட்டமைப்பு கூடி, வெட்கப்பட்டு, இருவரையும் திருப்பதிக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. பயிற்சியின் பெயர் 'தலைமையில் அதிகாரப் பகிர்வும் பரஸ்பர மரியாதையும்'. நடத்தியவர் நேசகுமார் என்ற பயிற்சியாளர். இடம் ஓர் ஓட்டலின் ஏ.சி. மாடி.

அங்கே என்ன நடந்தது என்று கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தவர் சங்கத்தின் கார் டிரைவர் ஒருவர்தான். இருவரையும் எதிரெதிராக உட்கார வைத்து, கண்ணோடு கண் பார்க்கச் சொல்லி, "முதலில் நீங்கள், பிறகு நான்" என்று மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தார்களாம். காலையில் இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்களாம். சாயங்காலம் அழுதுகொண்டே சொன்னார்களாம்.

திரும்பி வரும் வழியில், புத்தூரில் டிபனுக்கு நிறுத்தலாமா என்று டிரைவர் கேட்டார்.

"மேடம் இன்னா சொல்றாங்களோ அதான்" என்றார் நாகபூஷணம்.

"தலைவர் மனசுல இன்னா கீதோ அதான்" என்றார் துர்காதேவி.

டிரைவர் புத்தூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்சீட்டில் உபசாரம் ஓயவில்லை. கடைசியில் டீசல் முள் சிவப்பைத் தொட்டதும் அவரே வண்டியை ஓரம் கட்டி, இறங்கிப் போய், தான் மட்டும் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தார். தலைவரும் துணைத் தலைவரும் பசியோடும் மரியாதையோடும் நகரி வந்து சேர்ந்தார்கள்.

அதன் பிறகு தொட்டியில் தண்ணீர் இல்லை, ஏனென்றால் மோட்டார் போடும் உத்தரவை மற்றவர் கொடுக்கட்டும் என்று இருவருமே விட்டுவிட்டார்கள். ஒரு சாவு வீட்டில், யார் முதலில் மாலை போடுவது என்று ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டிருந்த நேரத்தில் பாடையே கிளம்பிப் போய்விட்டது. இருவரும் மாலையைத் தூக்கிக்கொண்டு சுடுகாடு வரை ஓடினார்கள். ஓடும்போதும் யார் முன்னால் ஓடுவது என்பதில் சிக்கல் இருந்ததாகச் சொல்கிறார்கள்.

இந்தச் சமயத்தில்தான் பிரீத்திக்கு மண்டபம் தேவைப்பட்டது.

பிரீத்தி நகரிப் பெண். நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. அதே கம்பெனியில் பக்கத்து மேசைக்கு வந்து சேர்ந்தவன் சுரேஷ்பாபு, குப்பம் ஊருக்குப் பக்கம் ராமகுப்பத்துக்காரன். தெலுங்கு பேசும் அவன் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். இரண்டு மேசைகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளி எப்படிக் குறைந்தது என்பதைத் தனியாக ஒரு நாவலாகத்தான் எழுத வேண்டும். இங்கே இடமில்லை.

பிரீத்தியின் அப்பா பழனிக்கு இது பிடிக்கவில்லை. "தறி ஓட்டற வூட்டுப் பொண்ணு பூச்சிக்கு எலை போடப் போவுதா?" என்று கேட்டுவிட்டு, ஒரு வருஷத்துக்கு மேல் மகளோடு பேசாமல் இருந்தார். சாப்பாட்டுக்குக்கூட, "யாராச்சும் கொழம்பு ஊத்துங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். பிரீத்தி ஊற்றுவாள். கடைசியில் மனசு இளகியபோதும் சுவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"நம்ம சங்க மண்டபத்துலதான் கல்யாணம். பிரசிடெண்ட்டும் வைஸ் பிரசிடெண்ட்டும் வந்து வாசல்ல மொத தாம்பூலம் வாங்கணும். அப்பத்தான் ஊரு ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம். அது நடக்கலன்னா இதுவும் நடக்காது."

அந்த ஊரில் அது பழைய முறை. மண்டப வாசலில் சங்கத்துப் பெரியவர்கள் முதல் தாம்பூலம் வாங்கிக்கொண்ட பிறகுதான் மாப்பிள்ளை வீடு உள்ளே காலெடுத்து வைக்கும். இவ்வளவுதானே என்று பிரீத்தி நிம்மதியாக மூச்சு விட்டாள். முகூர்த்தமும் குறித்தாகிவிட்டது. அதற்கு அடுத்த நல்ல நாள் எப்போது என்று அவள் கேட்கக்கூட இல்லை. நைனாவின் மனசு இன்னொரு நல்ல நாள் வரைக்கும் இளகியே இருக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை.

ஊர் வழக்கப்படி முதலில் தலைவர் வீட்டுக்குப் போனாள். "மாமா, துர்கா அத்தை மண்டபம் குடுக்க முடியாதுன்னுட்டாங்க" என்றாள்.

நாகபூஷணம் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் அமைதி பரவியது. "அவங்க சொன்னா அதுல ஒரு நியாயம் இருக்கும் பாப்பா" என்றார்.

தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள பிரீத்திக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அதை அவர் நம்ப இன்னும் அரை மணி நேரம் ஆயிற்று. துணைத் தலைவரை மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்பதால், அவர் சொல்லாததைக்கூட நாகபூஷணத்தால் மறுக்க முடியவில்லை.

"நாளைக்கு ஆபீசுக்கு வா. ரெண்டு பேரும் இருப்போம்."

மறுநாள் சுரேஷ்பாபுவையும் அழைத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனாள். உள்ளே தலைவரும் துணைத் தலைவரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரே மாதிரி இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. தலைவர் நாற்காலி ஒரு விரல்கடை உயரம் என்று அதன் காலை அறுத்திருந்தார்கள். அறுத்ததில் அது தாழ்ந்துபோகவே மற்றதையும் அறுத்தார்கள். இப்படி மாற்றி மாற்றி அறுத்து, இப்போது இரண்டும் மழலையர் பள்ளி நாற்காலி அளவுக்கு வந்திருந்தன. மேசை மட்டும் பழைய உயரத்தில் இருந்தது.

"உக்காருங்க மாமா, உக்காருங்க அத்தே" என்றாள் பிரீத்தி.

"மேடம் உக்காரட்டும்."

"தலைவர் உக்காராம நான் எப்பிடிம்மா?"

மேசை மேல் இரண்டு டம்ளர் டீ ஆடை கட்டிக் கிடந்தது.

"எத்தினி நேரமா நிக்கறாங்க?" என்று சுரேஷ்பாபு வாட்ச்மேனிடம் மெல்லக் கேட்டான்.

"திருப்பதி போய் வந்ததுலேர்ந்து" என்றார் வாட்ச்மேன்.

பிரீத்தி விஷயத்தைச் சொன்னாள். நாகபூஷணம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசினார். "பாப்பா, முன்ன மாதிரியா இருந்தா நான் இந்நேரம் சரின்னு சொல்லிட்டிருப்பேன். அது அகங்காரம். நான் சரின்னு சொன்னா, சரின்னு சொல்ற வாய்ப்பை மேடம்கிட்டேர்ந்து நான் பிடுங்கிக்கினேன்னு ஆவும். அதிகாரம்னா இன்னா? முடிவு எடுக்கறது. அதிகாரத்தைப் பகிர்ந்துக்கறதுன்னா இன்னா? முடிவு எடுக்காம இருக்கறது. முப்பது வருஷமா இது எனக்குத் தெரியாம போச்சு."

துர்காதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்ளோ அழகா சொன்னாரு பாத்தியா. முன்னெல்லாம் இவரு ஒரு முடிவு எடுத்தா அது தப்புன்னு சொல்வேன். இப்ப இவரு முடிவே எடுக்கறதில்ல. தப்புன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல. மனசு லேசா கீது."

"அப்ப மண்டபம் அத்தே?"

இருவரும் யோசித்தார்கள். பயிற்சியில் இதற்கும் ஒரு வழி சொல்லியிருந்தார்களாம். யாரும் முந்தாமல், யாரும் பிந்தாமல், இருவரும் ஒரே குரலில் பதில் சொல்வது. வாட்ச்மேன் எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு."

இரண்டு வாயும் திறந்தன. ஒரு சத்தமும் வரவில்லை. மற்றவரை முந்திவிடக் கூடாது என்று இருவருமே காத்திருந்தார்கள். பிறகு தலைவரின் முகம் வாடியது. "மேடம் சரின்னு சொல்லல. அவங்களுக்கு விருப்பமில்லன்னா நானும் வேணாம்னுதான் சொல்வேன்" என்றார். "தலைவருக்கே விருப்பமில்லன்னா நான் யாரு" என்றார் துர்காதேவி. இரண்டு நிமிடத்தில், யாருமே மறுக்காத ஒரு கோரிக்கை ஏகமனதாக மறுக்கப்பட்டுவிட்டது.

வெளியே வந்ததும் பிரீத்தி தண்ணீர் வராத தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். "நான் எங்க நைனாகிட்ட இன்னான்னு சொல்றது? ரெண்டு பேரும் ரொம்ப நல்லவங்களா ஆயிட்டாங்க, அதனால கல்யாணம் இல்லைன்னா?"

சுரேஷ்பாபு கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தான். புழு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைக்குப் பொறுமை அதிகம். "ஒக்க நிமிஷம்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப உள்ளே போனான். பிரீத்தியும் பின்னாலேயே ஓடினாள்.

"சார், மேடம், வேற ஒரு கேள்வி. மண்டபம் குடுக்கறதுல உங்களுக்கு ஆட்சேபணை ஏமன்னா இருக்கா? இருந்தா ரெண்டு பேரும் ஒண்ணா சொல்லுங்க."

வாட்ச்மேன் எண்ணினார். இரண்டு வாயும் திறந்தன. சத்தம் வரவில்லை.

"ஆட்சேபணை இல்ல" என்றான் சுரேஷ்பாபு. "தேங்க்ஸ்."

தலைவரும் துணைத் தலைவரும் ஒருவரையொருவர் பார்த்து நெகிழ்ந்துபோனார்கள். சீர்திருத்தத்துக்குப் பிறகு சங்கம் எடுத்த முதல் முடிவு அது. பிரீத்தி சுரேஷ்பாபுவை அப்போது பார்த்த பார்வையும் அந்த நாவலில் வர வேண்டியதுதான்.

ஆனால் முடிவு எடுத்துவிட்ட சந்தோஷத்தில் இருவரும் அடுத்த சீர்திருத்தத்துக்குப் போய்விட்டார்கள். மண்டபச் சாவி இனி ஒருவர் கையில் இருக்கக் கூடாது. மண்டபக் கதவுக்கு இரண்டாவது பூட்டு வந்தது. மேல் பூட்டின் சாவி தலைவரிடம், கீழ்ப் பூட்டின் சாவி துணைத் தலைவரிடம். தன் பூட்டு மேலே இருப்பது சரியல்ல என்று நாகபூஷணம் ஆசாரியை வரவழைத்தார். இப்போது இரண்டு பூட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மட்டத்தில் தொங்கின.

அதைப் பார்த்த நாளிலிருந்து பிரீத்திக்குச் சோறு இறங்கவில்லை. முகூர்த்தப் புடவை எடுக்கத் திருப்பதிக்குப் போனபோது, அம்மாவைக் கடையில் விட்டுவிட்டு நேசகுமாரைத் தேடிப் போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஓர் அலுவலகம் இருந்தது. சுவர் முழுக்கக் கைகுலுக்கும் கைகளின் படங்கள்.

"சார், உங்க டிரெய்னிங்கைக் கொஞ்சம் திருப்பி எடுத்துக்க முடியுமா?" என்று கேட்டாள்.

நேசகுமார் புன்னகையோடு கேட்டுக்கொண்டார். "அம்மா, என் பயிற்சியில குறை இருக்காது. என் சொந்த அனுபவத்துலேர்ந்து உருவாக்கினது. இந்த நிறுவனத்துல எனக்குத் துணையா நிறைய பேர் இருந்திருக்காங்க. ஒருத்தரோடயும் எனக்குக் கருத்து வேறுபாடு வந்ததே கிடையாது."

"எப்பிடி சார்?"

"வர்றதுக்கு முன்னாடியே அனுப்பிச்சிடுவேன்."

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு மீன்தொட்டி இருந்தது. "இப்ப துணைத் தலைவர் போஸ்ட் காலியா இருக்கு" என்றார். "மனசுக்கு இதமா இருக்கு." பிறகு பிரீத்தியின் முகத்தைப் பார்த்து இரங்கி ஓர் ஆலோசனையும் சொன்னார். "மரியாதை கொஞ்ச நாள்ல பழகிடும்மா. நீங்க வேணும்னா கல்யாணத்தைத் தள்ளி வச்சுக்குங்க."

முகூர்த்தத்தன்று காலை மண்டப வாசலில் எல்லோரும் இருந்தார்கள். மேளக்காரர்கள் இருந்தார்கள். ஐயர் இருந்தார். காய்கறி மூட்டையோடு சமையல்காரர்கள் மண்டபத்துக்கு வெளியிலேயே அடுப்பு மூட்டி, உப்புமாவைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். ராமகுப்பத்திலிருந்து பஸ் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா முனிவெங்கடப்பா புதுத் துண்டோடு முதலில் இறங்கி, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, இதுவும் இந்த ஊர் முறை போலிருக்கிறது என்று நினைத்து பவ்யமாகக் கும்பிட்டார்.

பழனி தாம்பூலத் தட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். தலைவரும் துணைத் தலைவரும் ஒரே காரில், இரண்டு கதவு வழியாக, ஒரே நேரத்தில் இறங்கினார்கள். பழனியின் முகம் மலர்ந்தது.

"கதவைத் தெறந்துட்டா மொத தாம்பூலம் குடுத்துடலாம்" என்றார்.

"மேடம் தெறக்கட்டும்" என்றார் நாகபூஷணம்.

"தலைவர் கை பட்டாத்தான் விசேஷம்" என்றார் துர்காதேவி.

வாட்ச்மேன் எண்ணினார். இரண்டு சாவிகளும் இரண்டு பூட்டுகளுக்குள் போயின. இரண்டு கைகளும் நின்றன. அவர் மறுபடி எண்ணினார். மேளக்காரர்கள் உற்சாகமாகி, ஒவ்வொரு மூன்றுக்கும் ஒரு கெட்டிமேளம் தட்டினார்கள். ஊர்க்காரர்களும் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். நாயுடுபேட்டையிலிருந்து வந்திருந்த கம்பெனிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பின்னோக்கி எண்ணிப் பார்த்தார்கள். பூட்டு எந்த மொழிக்கும் அசையவில்லை.

"முகூர்த்தம் போய்க்கினே கீது" என்றார் ஐயர்.

பழனியின் முகம் மெல்ல மெல்லப் பழைய முகமாக மாறுவதைப் பிரீத்தி பார்த்தாள். அவர் தட்டைத் தாழ்த்தினார். பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பினார். "எனக்கு அப்பவே தெரியும்" என்று சுவரிடம் சொன்னார். "ஒத்துவராத எடம். கதவே தெறக்க மாட்டேங்குது. எல்லாரும் டிபன் துன்னுட்டுக் கெளம்புங்க."

ராமகுப்பத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுரேஷ்பாபு மாலையும் கழுத்துமாக வந்து பிரீத்தியின் பக்கத்தில் நின்றான்.

"இப்ப இன்னா கேள்வி கேக்கறது?" என்றாள் பிரீத்தி.

"என்கிட்ட இருந்தது ஒண்ணுதான். கேட்டுட்டேன்."

பிரீத்தி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கதவருகே போனாள். அழுதுவிடுவோமோ என்ற பயத்தில், வாயில் வந்ததைச் சொன்னாள்.

"விடுங்க மாமா. உங்க அளவுக்கு மரியாதை துர்கா அத்தைக்கு வருமா? அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

துர்காதேவி சாவியிலிருந்து கையை எடுத்தார். "இன்னாடி சொன்னே?"

"இல்ல அத்தே. பயிற்சியில மாமாதான் ஃபர்ஸ்ட்டுன்னு ஊர்ல பேசிக்கறாங்க."

அப்படி யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் நாகபூஷணம் அடக்கமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் போதுமானதாக இருந்தது.

"இவரா ஃபர்ஸ்ட்டு? ஒரு மாசமா சூடா ஒரு வாய் டீ குடிச்சிருப்பேனா நானு? யாருக்காக? இவரு மொதல்ல குடிக்கணும்னு."

"நான் குடிச்சனா?" என்றார் நாகபூஷணம். "எனக்கு முட்டிவலி. அது தெரிஞ்சும் உங்களுக்காக நாள் பூரா நின்னேன். நாற்காலியை மொதல்ல அறுத்தது யாரு?"

"உங்க நாற்காலியை அறுத்தா அது மரியாதை. என் நாற்காலியையும் அறுத்தீங்களே, அது இன்னா?"

"அதுவும் மரியாதைதாம்மா."

"இதெல்லாம் ஒரு மரியாதையா? நான் உங்களுக்குக் குடுத்த மரியாதையில பாதி நீங்க எனக்குக் குடுத்திருந்தா நான் எங்கியோ போயிருப்பேன்."

"நீ எங்கியாச்சும் போவணும்னுதானே முப்பது வருஷமா வேண்டிக்கினு கீறேன்."

கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக் கும்பிட்டார். தலைவர் 'நீ' என்று சொல்லி வெகு நாளாகியிருந்தது.

"பாத்தீங்களா" என்று துர்காதேவி கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "வெளிய வருது பாருங்க உண்மை. யோவ், நீ மரியாதை குடுத்து நான் கதவு தெறக்கணுமா? என் பூட்டு, என் சாவி." பூட்டு கீழே விழாத குறையாகச் சாவியைத் திருகினார். அது திறந்துகொண்டது.

"ஓஹோ, மேடம் மொதல்ல தெறந்துட்டா மண்டபம் மேடத்தோடது ஆயிடுமா? தலைவன்னு எதுக்கு ஒருத்தன் கீறான்?" நாகபூஷணம் தன் பூட்டைத் திறந்து, கழற்றி, கதவை ஒரு உதை விட்டார்.

கதவு திறந்தது. சமையல்காரர்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மேளக்காரர்கள் எதற்கென்று தெரியாமலே வாசித்தார்கள். யாரோ போய் மோட்டார் போட்டார்கள். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிவரத் தலைவர் ஒருவனையும் துணைத் தலைவர் இருவரையும் விரட்டினார்கள்.

பழனிக்கு உயிர் வந்தது. தட்டை உயர்த்திப் பிடித்தார். "மொத தாம்பூலம்" என்றார்.

அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. நாகபூஷணத்தின் கை ஒரு பக்கமும் துர்காதேவியின் கை மறு பக்கமும் தட்டைப் பற்றின.

"தலைவருக்குத்தான் மொத தாம்பூலம். இது காலங்காலமா கீற முறை."

"கதவு தெறந்தவங்களுக்குத்தான் மொத தாம்பூலம். இது இன்னிக்கி வந்த முறை."

தட்டு மேலே போயிற்று. வெற்றிலை பறந்தது. பாக்கு வாசல் முழுக்க உருண்டது. தலைவரும் துணைத் தலைவரும் வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு, மைக் இழுத்த நாளிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் பேசத் தொடங்கினார்கள். திருப்பதியில் அழுதது பொய் என்று இருவருமே ஒப்புக்கொண்டார்கள். தன் அழுகைதான் பெரிய பொய் என்று இருவருமே வாதாடினார்கள்.

ஐயர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்றார்.

பழனி வெறுங்கையோடு நின்றார். முதல் தாம்பூலம் கொடுக்காமல் மாப்பிள்ளை வீடு உள்ளே போக முடியாது. இவர்களில் ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் மண்டபத்தையே இடித்துவிடுவார். அவர் சுவரைத் தேடினார். திரும்பிய பக்கம் சுவர் இல்லை. முனிவெங்கடப்பா இருந்தார். அவர் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிதறிய வெற்றிலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, புதுத் துண்டால் மண்ணைத் துடைத்து, காம்பு கிள்ளாமல் அடுக்கிக்கொண்டிருந்தார். இலையைக் கையாளுகிற கை. ஒன்றுகூடக் கசங்கவில்லை.

"இந்தாங்கண்ணா" என்று எழுந்து நீட்டினார். "எலை நல்ல எலை. பாழு பண்ணக் கூடாது."

பழனி அந்த வெற்றிலையை வாங்கினார். பாக்கை மேலே வைத்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அவர் நேராக முகம் பார்க்க மறுத்த குடும்பம் அது. இப்போது பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் திரும்ப நீட்டினார்.

"சம்பந்தி, நீங்க பிடிங்க."

முனிவெங்கடப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. "நாக்கா? எனக்கா?" என்றார்.

"உங்களுக்குத்தான். எங்க பொண்ணு உங்க வூட்டுக்குத்தானே வருது. உள்ள வாங்க, நேரமாச்சு."

பிரீத்தி இதைக் கேட்டாள். கண் கலங்கி, மை கரைந்து, அதற்கு மேல் அவளுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. சுரேஷ்பாபுதான் அவள் கையைப் பிடித்து மணமேடை வரை கூட்டிப்போக வேண்டியதாயிற்று. தாலி கட்டும்போது வாசலிலிருந்து, "நீ யாருய்யா என்னைக் கேக்க?" என்று துர்காதேவியின் குரல் கேட்டது. கெட்டிமேளத்தில் அது சரியாகப் பொருந்தியது.

பந்தி நடந்துகொண்டிருந்தபோதுதான் விஷயம் வாசலுக்கு எட்டியது. கல்யாணம் முடிந்துவிட்டது. முதல் தாம்பூலம் போய்விட்டது. வாங்கியது வெளியூர்க்காரர்.

நாகபூஷணமும் துர்காதேவியும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதவிக்கு வந்த நாளிலிருந்து முதல் முறையாக, யாரும் எண்ணிக் கொடுக்காமலே, இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் வந்தது. தோளோடு தோளாக உள்ளே நடந்தார்கள். யார் முன்னால் என்ற பேச்சே எழவில்லை. பந்தியில் உட்கார்ந்திருந்த பழனியின் இலைக்கு முன்னால் போய் நின்றார்கள்.

"பழனி, இது சங்கத்துக்கே அவமானம்" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

பழனி நிமிரவில்லை. பக்கத்து இலையில் முனிவெங்கடப்பா கையை அகல விரித்து, கடைசிப் பருவத்தில் புழுக்கள் இலை கடிக்கும் சத்தம் ஓலைக் கூரை மேல் மழை பெய்வது போல் இருக்கும் என்று பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பழனி வாயில் போட வேண்டிய வடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"ராத்திரியும் துன்னுமா?" என்று கேட்டார்.

"ராத்திரி பகலு ஏமீ லேதண்ணா. நாமதான் தூங்கக் கூடாது."

"பழனி, உன்னைத்தான்" என்றார் தலைவர்.

"கொஞ்சம் நில்லுங்க தலைவரே" என்றார் பழனி, வடையைக் காட்டி. "சம்பந்தி பேசிக்கினு கீறாரு."

இருவரும் நின்றார்கள்.